யாரும் ஓட்டாத நான்கு விநாடிகள்

எங்கள் வீட்டில் ஒரு பொருளின் மேல் அப்பா கை வைத்தால் மற்றவர்கள் கையை எடுத்துவிட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததாக நினைவில்லை. டிவி ரிமோட், தக்காளித் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய், கேஸ் சிலிண்டர், எதுவானாலும் சரி. அவர் கை வந்து தொட்டால் நம் கை தானாக விலகும். அப்பா அதட்டுகிற ஆள் இல்லை, அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே குறைவு. ஆனாலும் விலகிவிடுவோம். பெரியவர் பிடித்த பிறகு நாம் எதற்கு அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? அம்மாவும் அப்படித்தான். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

சைக்கிள் பழகும்போது ஒருமுறை இதனாலேயே விழுந்திருக்கிறேன். நான் தள்ளாடுவதைப் பார்த்து அப்பா ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார். நான் உடனே இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். சைக்கிள் அவரையும் இழுத்துக்கொண்டு கேழ்வரகு வயலுக்குள் போய்ச் சாய்ந்தது. "எதுக்கு பாப்பா கைய வுட்ட?" என்றார். "நீங்க புடிச்சீங்களே" என்றேன். அந்தப் பதிலில் அவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. சேற்றைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

பத்து வருடம் கழித்து அதே பதிலை இன்னொருவரிடம் சொல்ல வேண்டி வந்தது. அந்த முறை நான் கையை விட்டது தரையிலிருந்து முந்நூறு அடி உயரத்தில்.

கர்நாடகப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பட்டப்படிப்போடு சேர்த்து விமானம் ஓட்டவும் பயிற்சி கொடுக்கிற கல்லூரி. பயிற்சி விமானம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பேர் தோள் உரச உட்காரும் சின்ன வண்டி அது. இடதுபக்கம் மாணவி, வலதுபக்கம் பயிற்சியாளர். ஆளுக்கொரு கைப்பிடி இருக்கும், ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்பும். அதனால் யார் ஓட்டுகிறார்கள் என்பதை வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். "கன்ட்ரோல் என்னிடம்" என்று அவர் சொல்ல வேண்டும். "உங்களிடம்" என்று நான் சொல்லிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். பிறகு அவர் இன்னொருமுறை "என்னிடம்" என்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் மூன்று சின்ன வாக்கியங்கள், முதல் நாள் பாடம். தேர்வில் கேட்டால் தூக்கத்தில்கூட எழுதியிருப்பேன்.

அன்று காலை நல்ல வெயில். ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். ஓட்டியது நான். பக்கவாட்டில் லேசாகக் காற்று தள்ளியது. அப்போது சார் எதற்கோ தன் கைப்பிடியின் மேல் கையை வைத்தார். பிடிக்கக்கூட இல்லை, சும்மா வைத்தார். நான் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மரியாதையாக.

சார் ஓட்டுகிறார் என்று நான் உட்கார்ந்திருந்தேன். நான் ஓட்டுகிறேன் என்று சார் உட்கார்ந்திருந்தார். ஓடுபாதை கண்ணெதிரே வலதுபக்கம் நகர்ந்தது. சார் நன்றாக ஓட்டுவாரே, இன்றைக்கு ஏன் இப்படி என்றுகூட நினைத்தேன். விமானத்தின் மூக்கு மெல்ல மேலே எழும்பியது. வேகம் குறைந்தது. நான்காவது விநாடியில் அந்தச் சத்தம் வந்தது. வேகம் போதவில்லை, இனி இறக்கை தாங்காது, விழப்போகிறாய் என்று எச்சரிக்கிற ஊதல் அது. திருவிழாக் கடையில் பிள்ளைகள் வாங்கி ஊதுகிற பீப்பி மாதிரிதான் இருக்கும். சார் கத்திக்கொண்டே கைப்பிடியை முன்னால் தள்ளி, எஞ்சினை முழு வேகத்துக்கு ஏற்றினார். தென்னை மரங்களின் மட்டைகளைத் தனித்தனியாகப் பார்த்தேன். அவ்வளவு கிட்டத்தில் அவற்றைப் பார்த்திருக்கக் கூடாது.

இறங்கி எஞ்சினை நிறுத்திய பிறகு அவர் திட்டவில்லை. ஏன் கையை விட்டாய் என்று மட்டும் கேட்டார். நீங்கள் பிடித்தீர்களே சார் என்றேன். நான் வாயால் சொன்னேனா என்றார். இல்லை சார் என்றேன். மரியாதையை எல்லாம் தரையில் வைத்துக்கொள், மேலே அது ஆளைக் கொல்லும் என்றார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபோது அவர் விரல்கள் நடுங்கின. எத்தனையோ வருடம் பறந்த மனிதருடைய விரல்கள். எனக்கு உண்மையான பயம் பிடித்தது அந்த நேரத்தில்தான்.

பிறகு பயம் என்னை விடவே இல்லை. விமானத்தின் கதவைத் திறந்தாலே உள்ளங்கை வேர்த்தது. விடுதிச் சமையலறையில் குக்கர் விசிலடித்தால் தட்டை நழுவவிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் காதுக்கு ஊதினதெல்லாம் அந்த ஊதல்தான். முதல்முறை தனியாக ஓட்டி இறங்குகிறவர்களின் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவது எங்கள் பயிற்சித் தளத்து வழக்கம். என்னோடு சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக நனைந்தார்கள். கடைசியில் நனையாதவள் நான் ஒருத்திதான். அதனால் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுகிற வேலை எனக்கு நிரந்தரமாகிவிட்டது. சிரித்துக்கொண்டே ஊற்றினேன், வேறென்ன செய்வது?

கல்லூரி அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் தந்தார்கள். பறக்கும் பயிற்சியை விட்டுவிட்டு, அதே கல்லூரியில் விமான நிலைய நிர்வாகப் படிப்புக்கு மாறிக்கொள்ளலாம். தரையிலேயே படிப்பு, தரையிலேயே வேலை. வருகிற திங்கட்கிழமைக்குள் அப்பா கையெழுத்தோடு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த வாரம் மறுபடி அந்த இடதுபக்க இருக்கையில் போய் உட்கார வேண்டும். விண்ணப்பத்தை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை ஊருக்கு வந்தேன்.

தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். பேருந்து நிறுத்தத்தில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது நான்தான். கல்லூரியில் சேர்ந்தபோது அப்பாவின் கூட்டாளிகள் வைத்த ஃப்ளெக்ஸ் அது. வானை ஆளப்போகும் எங்கள் ஊர்ச் செல்வமே என்று எழுதி, கீழே வரிசையாக மாமன் சித்தப்பன்மார் முகங்கள். தலை மட்டும் என்னுடையது. கழுத்துக்குக் கீழே யாரோ ஓர் ஆண் விமானியின் அகலமான தோள்களும், தோளில் நான்கு தங்கப் பட்டைகளும். ஒருநாள்கூடத் தனியாகப் பறக்காதவளுக்கு அவ்வளவு பட்டை. வெயிலில் முகம் வெளுத்து, ஒரு மூலை கிழிந்து, காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கடந்தேன்.

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தார். வண்டி ஓட்டக் கூடாது, குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு சொட்டு மருந்து. நான் வந்ததும் அந்த வேலையை அம்மா என்னிடம் தள்ளிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். முதல்தடவை ஊற்றும்போது சொட்டு சரியாக விழவேண்டுமே என்று அப்பா கையை உயர்த்தி மருந்துக் குப்பியைத் தொட்டார். நான் விட்டுவிட்டேன். குப்பி அவர் மூக்கின் மேல் விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குப்பியைத் தேடுகிற சாக்கில் கட்டிலுக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் குனிந்து கிடந்தேன்.

எழுந்து சொட்டை விட்ட வேகத்தில், அவர் கண் மூடியிருக்கும்போதே சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல என்னால் ஆகியிருக்காது. "பயமா இருக்குதுங்கப்பா. வேற படிப்புக்கு மாறிக்கலாமான்னு பாக்கறேன்." நான்கு விநாடிக் கதையைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் ஏன் கையை விட்டேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் பழி அவர் மேலேயே போய் விழும் என்று பயந்தேன்.

மூடிய இமையிலிருந்து மருந்து வழிந்து காதுப்பக்கம் ஓடியது. அப்பா துடைக்கவில்லை. "திங்கக்கெழமைக்குத்தான? பாப்பம்" என்றார்.

அம்மாவுக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை. வந்துவிடு என்றாள். வானத்தில் போகிற வேலை வேண்டும் என்று இந்த வீட்டில் யார் அழுதார்கள் என்று கேட்டாள். ஆனால் முடிவாக ஒன்று சொல்லச் சொன்னால், உங்கப்பா சொல்வதுதான் என்று நழுவிவிட்டாள். அப்பாவோ வெள்ளிக்கிழமையும் பார்ப்போம் என்றார், சனிக்கிழமையும் பார்ப்போம் என்றார். விண்ணப்ப உறை அலமாரியில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று நாளும் நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அப்பா அந்தக் காகிதத்தின் மேல் கை வைக்க வேண்டும். வைத்துவிட்டால் நான் விட்டுவிடலாம். பயந்து ஓடிவந்தவள் என்று ஆகாது, அப்பா சொன்னார் வந்துவிட்டேன் என்று ஆகிவிடும். ஊரும் அதை ஏற்றுக்கொள்ளும், நானும் ஏற்றுக்கொள்வேன். அவர் பார்ப்போம் பார்ப்போம் என்று சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எத்தனை பொருளின் மேல் கை வைத்திருக்கிறீர்கள், இதன் மேல் வைக்கக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை வத்தல்மலையில் அப்பாவின் பள்ளிக்கூடக் கூட்டாளி ஒருவர் வீட்டில் கிரகப்பிரவேசம். மலையில் காப்பியும் மிளகும் போட்டிருக்கிறவர். கண்ணைச் சாக்குச் சொல்லலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அப்பா கேட்கவில்லை. அம்மாவுக்குத் தக்காளி பறிக்கிற ஆட்களை விட்டு வர முடியாது. காலைப் பேருந்தையும் தவறவிட்டோம். கடைசியில் ஸ்கூட்டர் சாவியை அப்பா என்னிடம் நீட்டினார். அவர் என் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. வெயில் இருந்தது, பாதை காய்ந்திருந்தது. விருந்தில் என்னைப் பைலட்டம்மா என்று கூப்பிட்டுப் பந்தியின் நடுவில் உட்கார வைத்தார்கள். பக்கத்து இலையிலிருந்த பெண் ஏரோப்பிளேனுக்கு ஹாரன் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். எப்போது அடிப்பார்கள் என்று கேட்டாள். வாயிலிருந்த பாயசம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு மென்று முழுங்கி, நாம் அடிப்பதில்லை, அதுவாக அடிக்கும் என்றேன். அவள் நல்ல வசதிதான் என்று தலையாட்டினாள்.

இறங்கக் கிளம்பியபோது மேகம் மலையைப் பிடித்துக்கொண்டது. தூறல் போட்டது. நான்கு வளைவு தாண்டுவதற்குள் தூறல் மழையானது. அந்தப் பாதையில் கொண்டையூசி வளைவுகள் இருபதுக்கு மேல். ஒவ்வொன்றிலும் ஒருபக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. ஒதுங்கி நிற்க ஒரு கூரையும் கிடையாது. பிரேக்கை லேசாகப் பிடித்தாலும் பின்சக்கரம் வழுக்குவது இடுப்பில் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் இல்லாத பிரேக்கை அப்பா காலால் மிதிக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. முதலில் அவர் கை என் தோளில் இருந்தது. பிறகு தோளை அழுத்தியது. பிறகு அவர் மூச்சுவிடுகிற சத்தம் மழைக்கு மேலே கேட்டது.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவின் நடுவில் கீழேயிருந்து ஹாரன் கேட்டது. மேகத்துக்குள்ளிருந்து பேருந்தின் மஞ்சள் விளக்குகள் எங்கள் பக்கம் திரும்பின. நான் பாறை ஓரமாக ஒதுங்கப் பார்த்தேன். அப்போது என் தோளுக்குக் கீழாக அப்பாவின் கை நீண்டு வந்து, ஹேண்டில்பாரில் இருந்த என் வலதுகையின் மேல் உட்கார்ந்தது.

என் விரல்கள் விரிந்தன. நான் விரிக்கவில்லை, அவை விரிந்தன. வண்டியின் முகப்பு ஆடியது. ஸ்கூட்டரில் அப்படி ஒரு சத்தம் வர வழியே இல்லை, ஆனால் என் காதில் அந்தப் பீப்பி ஊதியது. உயிர் போகிற பயம் என்றால் என்னவென்று அன்றைக்கு முழுதாகத் தெரிந்தது. அந்தப் பயத்தோடு இன்னொன்றும் தெரிந்தது. அப்பாவுக்கு ஒரு கண்தான் பார்வை. மழைத்துளி படிந்த கறுப்புக் கண்ணாடி வழியாக அந்தக் கண்ணுக்கும் எதுவும் தெரியாது. அவர் ஓட்டுவதற்காகப் பிடிக்கவில்லை. பயந்துபோய்ப் பிடித்திருக்கிறார். நான் விட்டால் இந்த வண்டியை ஓட்ட யாருமில்லை.

விரல்களை மூடினேன்.

"கைய எடுங்கப்பா. நான்தான் ஓட்டறேன்."

பிறந்ததிலிருந்து அவரிடம் அப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. சுடுபாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி அவர் கையை இழுத்துக்கொண்டார். முகப்பு நேரானது. பேருந்து ஒரு முழம் இடைவெளியில் எங்களை உரசுவதுபோல் ஏறிப்போனது, அதன் சக்கரம் அடித்த சேற்றுத்தண்ணீர் எங்களை முழுக்காட்டியது. அடுத்த வளைவில் பாதை கொஞ்சம் அகலமாக இருந்தது. அங்கே வண்டியை நிறுத்தி இரண்டு காலையும் ஊன்றினேன். முகத்திலிருந்த சேற்றைத் துடைத்துவிட்டு மறுபடி கிளம்பினேன். மிச்சமிருந்த வளைவுகள் எல்லாவற்றிலும் பயந்துகொண்டேதான் ஓட்டினேன். அப்பாவின் இரண்டு கையும் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்திருந்தன.

வீட்டுக்கு வந்தபோது இரண்டு பேரும் சொட்டச்சொட்ட நனைந்திருந்தோம். கண்ணில் தண்ணீர் பட்டதா என்று அம்மா அப்பாவின் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் படவில்லை என்று அவர் சொல்லியும் வைதுகொண்டே துண்டு எடுத்துவரப் போனாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து தலையிலிருந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்த ஃபாரம் எங்க பாப்பா?"

எடுத்து வந்தேன். உறையிலிருந்து உருவி நீட்டினேன். அவர் கையைச் சட்டென்று கட்டில் விரிப்பில் துடைத்துவிட்டு அதன் ஒரு முனையைப் பிடித்தார்.

"மழ பேஞ்ச ரோட்டுக்கே எனக்கு உசுரு கையில இல்ல. நீ அங்க மேல என்ன பண்ணுவ? வேணாம் பாப்பா, வந்துரு. கையெழுத்து எங்க போடணும், காட்டு."

மூன்று நாளாக நான் எதற்குக் காத்திருந்தேனோ அது இதுதான். அப்பா கை வைத்துவிட்டார். நான் விட வேண்டியதுதான் பாக்கி. ஈரத்தில் அவர் பெருவிரல் சுருங்கி வெளுத்திருந்தது. அந்த விரல் காகிதத்தின் மேல் லேசாக நடுங்கியது. மலைமேல் என் கையின் மேல் வந்து உட்கார்ந்த அதே விரல். இதுவும் பயந்துதான் பிடிக்கிறது என்று எனக்குப் புரிந்தது. மறுமுனையைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தேன். அவையும்தான் நடுங்கின. ஆனால் விரியவில்லை.

"வுடுங்கப்பா" என்றேன். "நான் போறேன்."

"பயமா இருக்குதுன்னு நீதான சொன்ன?"

"இப்பவும் இருக்குதுங்கப்பா."

அவர் காகிதத்தை இழுக்கவில்லை, விடவும் இல்லை. துண்டோடு வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு அப்பாதான் விட்டார். விட்ட கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணுக்கு மருந்து போடுகிற நேரம் தாண்டிவிட்டது என்றார்.

விண்ணப்பத்தை அலமாரியில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மருந்துக் குப்பியோடு வந்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படுத்தார். என் கை இன்னும் அடங்கவில்லை. முதல் சொட்டு அவர் கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது புருவத்தில் விழுந்தது. அவரையே ஊத்திக்கச் சொல்லேன் என்றாள் அம்மா. அப்பா இரண்டு கையையும் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து, மூன்றாவது சொட்டுக்காகக் காத்துக் கிடந்தார்.